முன்னே செல்லும் குரல்

 

வெள்ளி விழா மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். நம் தெருப் பிள்ளைகள் கபடியிலும் கால்பந்திலும் வாங்கிய கோப்பைகளைப் பற்றிப் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அக்கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் இன்று பார்வையற்றோர் ஆடும் பந்தயங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் தண்டவாளத்தின் மேல் படிகிறதே, அந்தப் பனிதான். ஐரோப்பிய நாடுகளில் மலை முழுவதும் வெண்மையாய்ப் பனி உறைந்து கிடக்கும். இரண்டு கால்களிலும் நீண்ட பட்டைகளைப் பூட்டிக்கொண்டு அந்தச் சரிவில் வழுக்கி இறங்குவதைப் பனிச்சறுக்கு என்கிறார்கள். வழியெங்கும் கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் வளைந்து வளைந்து கடக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் பந்தயம் போயிற்று. இறங்கும் வேகம் சில பந்தயங்களில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். நம் நிலையத்தைக் கடந்து செல்லும் விரைவு வண்டியின் வேகம் அது.

இதைக் கண்பார்வை இல்லாதவர்களும் செய்கிறார்கள் என்று முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை. 1976-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் முதல் குளிர்காலப் பாராலிம்பிக் போட்டிகள் நடந்தபோதே, கை கால் இழந்தவர்களோடு பார்வையற்றவர்களும் பனியில் இறங்கிப் போட்டியிட்டிருக்கிறார்கள். மலைச்சரிவுப் பந்தயத்தில் இவர்கள் எவ்வாறு இறங்குகிறார்கள்? முன்னால் ஒரு வழிகாட்டி இறங்குவார். பளிச்சென்ற நிறத்தில் மேலங்கி அணிந்திருப்பார். இருவர் தலைக்கவசத்திலும் பேசும் கருவி பொருத்தியிருக்கும். "இடப்பக்கம், இப்போது, வலப்பக்கம், நிமிர், பள்ளம் வருகிறது" என்று அவர் சொல்லிக்கொண்டே செல்ல, பின்னால் வருபவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

கெல்லி கல்லகர் என்று வட அயர்லாந்துப் பெண் ஒருவர். பிறவியிலேயே உடலில் நிறமி குறைந்தவர். அதனால் பார்வையும் மிகக் குறைவு. 2010-இல் வான்கூவரில் நான்காம் இடம் வரை வந்து வெறுங்கையோடு திரும்பினார். 2014-இல் ருஷ்ய நாட்டின் சோச்சி நகரில் முதற்பந்தயத்தில் கடைசி இடம். இரண்டே நாள் கழித்து, மார்ச்சு 10-ஆம் நாள், அதே மலையில் அடுத்த பந்தயத்தில் தங்கம். குளிர்காலப் பாராலிம்பிக்கில் பிரிட்டன் பெற்ற முதல் தங்கம் அதுதான். அவருக்கு முன்னே இறங்கியவர் சார்லட் எவன்ஸ். மேடையில் இருவரும் சேர்ந்தே நின்றார்கள்.

நான் இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்தவன் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பந்தயத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு யார்டில் ஷண்டிங் செய்த நாட்களே நினைவுக்கு வந்தன. இன்ஜின் பின்னாலிருந்து முப்பது நாற்பது வேகன்களைத் தள்ளிக்கொண்டு வரும்போது, ஓட்டுநருக்கு முன்னே எதுவும் தெரியாது. கடைசி வேகனுக்கு அப்பால் ஆள் நிற்கிறானா, மாடு நிற்கிறதா, தண்டவாளம் முடிகிறதா என்பது அவருக்கு இருட்டு. கைவிளக்கை ஆட்டிக்கொண்டு முன்னே நடக்கும் தொழிலாளியே அவருக்குக் கண். விளக்கின் அசைவு ஒரு நொடி தாமதித்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அத்தனை டன் இரும்பை நகர்த்துகிறவர் ஓட்டுநர். ஆனால் அவருடைய துணிவு முழுவதும் கீழே நடப்பவனின் கையில் இருக்கிறது. அந்தக் கீழே நடப்பவன் பெயரை எந்தப் பதிவேட்டிலும் பெரிய எழுத்தில் எழுதமாட்டார்கள். அது வேறு கதை.

நம் நாட்டுப் பார்வையற்ற வீரர்கள் பெயர் பெற்றது பனியில் அன்று, ஓடுதளத்தில். அவர்களில் நம் அண்டை மாநிலத்துப் பெண் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கருநாடகத்தில் சிக்கமகளூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பிறந்தவர் ரக்ஷிதா ராஜு. பிறவியிலேயே பார்வை இல்லை. சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். வளர்த்தவர் பாட்டி. அந்தப் பாட்டிக்குக் காது கேளாது, பேச்சும் வராது. சற்று எண்ணிப் பாருங்கள். பேத்திக்குப் பாட்டியின் கைச்சாடை தெரியாது. பாட்டிக்குப் பேத்தியின் அழுகுரல் கேட்காது. தொடுகையைத் தவிர அந்த வீட்டில் வேறு எந்த மொழி இருந்திருக்க முடியும்? அப்படிப்பட்ட ஒரு குடிசையிலிருந்து சிக்கமகளூரில் உள்ள ஆஷா கிரணா என்னும் பார்வையற்றோர் பள்ளிக்கு ஒரு பெண் குழந்தை போய்ச் சேர்ந்ததே பெரிய செய்தி. அந்தப் பள்ளியில்தான் அவர் ஓடத் தொடங்கினார். பின்னர் ராகுல் பாலகிருஷ்ணா என்னும் பயிற்சியாளர் அவரை ஏற்றுக்கொண்டார். பார்வையற்றோருக்கும் உலகப் போட்டிகள் உண்டு என்பதே அதற்கு முன்பு அந்தப் பெண்ணுக்குச் சரியாகத் தெரியாதாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எத்தனை கதவுகள் இருப்பதே தெரியாமல் போயிற்று என்பதை நான் இங்கே கணக்கிடப் போவதில்லை.

2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் அதே ஓட்டத்தில் மீண்டும் தங்கம். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ஓடினார். அங்கே முதற்சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஆனாலும் பாராலிம்பிக்கில் அந்தத் தொலைவை ஓடிய முதல் இந்தியப் பார்வையற்ற பெண் அவரே.

இப்போது அந்த ஓட்டம் நடைபெறும் முறையைக் கேளுங்கள். ஓடுதளத்தை மூன்றே முக்கால் முறை சுற்றினால் 1500 மீட்டர். முற்றிலும் பார்வையற்றோர் பிரிவில் எல்லாருக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள். ஒருவருக்குச் சிறிது வெளிச்சம் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போனால் அநீதியாகுமே! வீரரின் கையையும் வழிகாட்டியின் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கும். இருவர் கையும் ஒன்றாக வீச வேண்டும், காலும் ஒன்றாக விழ வேண்டும். வளைவு வருகிறது, நேர்த்தடம் தொடங்குகிறது, முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தி நெருங்குகிறாள், இன்னும் இருநூறு மீட்டர் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே ஓடுவார். அவர் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. எல்லைக்கோட்டை வீரர்தாம் முதலில் கடக்க வேண்டும்; வழிகாட்டி முந்தினால் இருவருக்கும் தோல்வி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழிகாட்டி வீரரைவிட வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். ஏனெனில் வீரருக்கு ஓடினால் போதும். இவருக்கோ ஓடவும் வேண்டும், பேசவும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பார்வையற்ற பெண் உலகத் தரத்தில் ஓட வேண்டுமென்றால், அவரினும் வேகமான இன்னொருவர் தம் சொந்தப் பந்தயத்தை விட்டுவிட்டு, நாள்தோறும் விடியற்காலையில் அவரோடு கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் காலணி வேண்டும், உணவு வேண்டும், பயணச்சீட்டு வேண்டும். நெடுங்காலம் வரை இந்த வழிகாட்டிகளுக்குப் பதக்கம்கூடக் கிடையாது. தடகளத்தில் 2012-ஆம் ஆண்டு இலண்டன் போட்டி முதல்தான் பாராலிம்பிக் மேடையில் அவர்களுக்கும் பதக்கம் அணிவிக்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்துச் சிம்ரன் சர்மாவின் கதையும் இதனையே காட்டுகிறது. குறைமாதத்தில் பிறந்து, பத்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிர் பிழைத்த குழந்தை அவர். பார்வை மங்கலாகவே நின்றுவிட்டது. (தாய்மார்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் விழித்திரைச் சோதனை செய்ய வேண்டும் என்பது மருத்துவர்களின் நெறி. தயங்காமல் கேளுங்கள்.) 2021-இல் டோக்கியோவில் சிம்ரன் வழிகாட்டி இல்லாமல் தனியே 100 மீட்டர் ஓடினார், இறுதிச் சுற்றுக்கு வர இயலவில்லை. பின்னர் அவருடைய பார்வை நிலைக்கேற்ப வேறு பிரிவில் சேர்க்கப்பட்டு, அபய் சிங் என்னும் இளைஞரை வழிகாட்டியாகக் கொண்டு ஓடத் தொடங்கினார். 2024-இல் ஜப்பானில் கோபே நகரில் 200 மீட்டர் ஓட்டத்தில் உலகப் பட்டம். அதே ஆண்டு பாரிஸில் 100 மீட்டரில் நான்காம் இடம். இரண்டு நாள் கழித்து 200 மீட்டரில் 24.75 நொடியில் வெண்கலம். இந்தப் பிரிவு ஓட்டங்களில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு தடம் ஒதுக்குகிறார்கள். எட்டுத் தடத்தில் நான்கே வீரர்கள். ஒருவருக்கு இரண்டு தடமா, வீண் அல்லவா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அதே பாரிஸில் கடைசி நாளன்று நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாரத்தான் ஓட்டம். 42 கிலோமீட்டரையும் ஏறத்தாழ முடித்துவிட்டார் ஸ்பெயின் நாட்டு எலேனா கோங்கோஸ்த். 2016-இல் தங்கம் வென்றவர். நான்கு குழந்தைகளின் தாய். மூன்றாம் இடம் உறுதி. அடுத்து வருபவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கிறார். எல்லைக்கோடு சில அடி தூரத்தில். அப்போது வழிகாட்டியின் காலில் தசை பிடித்துக்கொண்டு அவர் சாயப் போனார். எலேனா ஒரு கணம் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். கயிற்றை விடக் கூடாது என்பது விதி. அன்று பதக்கம் பறிபோயிற்று.

இதைப் பற்றி என் நண்பர்களோடு பலமுறை வாதிட்டிருக்கிறேன். விதி விதிதான் என்பார் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரயில்வே விதிப்புத்தகத்தின் கீழ் வாழ்ந்தவன் நான். விதியை எளிதாகப் பேசமாட்டேன். வழிகாட்டி வீரரை இழுத்துச் செல்லாதிருக்கவும், பிரிந்து ஓடாதிருக்கவும் அந்த விதி தேவைதான். ஆனால் வழிகாட்டி விழும்போது வீரர் தாங்கலாகாது என்று விதி செய்தவர்கள், கயிற்றுக்கு ஒரு முனைதான் உண்டு என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

சங்கம் தொடங்கி ஆறு ஆண்டு ஆகியிருந்தபோது, உதவித்தொகைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். நம் பகுதிச் சிறுவன் ஒருவனுக்காக அவன் தாயார் மனு கொடுத்தார். எட்டாம் வகுப்போடு பார்வை போய்விட்டது. மேலே படிக்க வைக்க வேண்டும் என்று கேட்டார். குழுவில் நாங்கள் ஐந்து பேர். "எழுத்தே தெரியாதவனுக்கு என்ன படிப்பு? இருக்கிற பணத்தில் கண் தெரிந்த இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே!" என்று ஒருவர் கேட்டார். அவ்வாறு கேட்டவர் வேறு யாருமல்லர், நான்தான். மனு தள்ளுபடியாயிற்று. அந்நாளில் அந்தத் தாயிடம் பூவிருந்தவல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள் என்று வழி சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அரக்கோணத்திலிருந்து அது எவ்வளவு தூரம்?

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து மின்சார வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். திருவள்ளூர் தாண்டியதும் பேனாவும் சீப்பும் விற்றுக்கொண்டு பார்வையற்ற ஒருவர் வந்தார். இரண்டு பேனா கேட்டேன். என் குரலைக் கேட்டதும் அவர் நின்றார். "பெரியப்பா, நீங்களா?" என்று கேட்டார். தாயாரின் பெயரைச் சொன்னார். அவனேதான். பேனாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. வேறு பேச்சு பேசினான். கல்வியின் பெயரால் நடக்கும் ஒரு சங்கத்தின் குழுவில் அமர்ந்து நான் தள்ளிவிட்ட பிள்ளை, எழுதும் கருவியை விற்றுக்கொண்டிருந்தான். அரக்கோணம் வரும் வரை அந்த இரண்டு பேனாவும் என் கையிலேயே இருந்தன.

அவன் உழைப்பைத் தாழ்வாகச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. ஓடும் வண்டியில் ஆட்டத்துக்கு நடுவே நடந்து, தொட்டுப் பார்த்தே நாணயம் அறிந்து குடும்பம் காப்பவன் அவன். நான் சொல்வது என் பிழையை.

என் தந்தையார் இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். ஓர் எழுத்தும் அறியார். மாலையில் தெருவில் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த ஒரே ஓர் அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார்; நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அண்ணல் அம்பேத்கர் என்ன சொன்னார் என்பதைப் பல பெரியவர்கள் அப்படிக் கேட்டே அறிந்தார்கள். கண் இருந்தும் எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் நாம். இன்னொருவர் வாசிக்கக் கேட்டு உலகம் அறிந்த தந்தையின் மகன், வாசிக்க ஆள் கேட்ட ஒரு பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டான் என்றால், அவன் எந்த ஊர்க் கல்வியைக் கற்றவன்?

வாசிக்க ஒரு குரல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. பெனோ செபீன் என்னும் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர். தந்தை நம்மைப் போல் இரயில்வே ஊழியர். தாயார் செய்தித்தாளையும் புத்தகங்களையும் அவருக்கு வாசித்துக் காட்டினார். கணினி பேசும் மென்பொருளும் துணை நின்றது. 2013-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் நாடு முழுவதிலும் 343-ஆம் இடம் பெற்று, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவர் அப்பணிக்குச் சென்றது அதுவே முதல்முறை.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். இந்த ஆண்டு நம் சங்கத்துக்கு ஒரு மனு வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி. பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது, கரும்பலகை தெரிவதில்லை. அந்தப் பெண் பணம் கேட்கவில்லை. "எனக்குப் பாடம் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். நம் துணைவிதியில் கட்டணம், புத்தகம், விடுதிச் செலவு ஆகிய மூன்றுக்கே இடம் உண்டு. ஆள் என்பதற்கு இடம் இல்லை. ஆகவே மனு நிலுவையில் கிடக்கிறது. ஒரு மாணவிக்கு இரண்டு பேர் செலவா என்று குழுவில் கேட்கப்பட்டதாகவும் அறிகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. கேட்டவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஒருவருக்கு இரண்டு தடம் என்று சற்றுமுன் சொன்னேனே, அதை மட்டும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும், மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் பெறவும் நடுவணரசின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறை வகை செய்தது. தேர்வர் தாமே ஆள் அழைத்து வருவதானால், எழுதுபவரின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது அது. இளைஞர்களே, பட்டம் பெற்றவர்கள்தாம் உதவ முடியும் என்பதில்லை. பள்ளிப் பிள்ளையும் உதவலாம். ஆனால் தேர்வு நாளன்று மட்டும் வந்து எழுதினால் போதாது. சொல்பவரின் வேகமும் எழுதுபவரின் கையும் பழக வேண்டும். கயிற்றைப் பிடித்து ஓடுகிறவர்கள் விடியற்காலையில் பழகுவது அதற்காகத்தான்.

வரும் பொதுக்குழுவில் துணைவிதியைத் திருத்தித் தர வேண்டும் என்று நிறுவன உறுப்பினர்களை வேண்டிக்கொள்கிறேன். நான்காவதாக ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும்: வாசிப்பவர். வெளியிலிருந்து ஆள் வைத்தால் அவருக்கு மாதந்தோறும் ஏதாவது தர வேண்டும். அதற்கு நிதியும் ஒதுக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேர்வு பொதுக்குழுவுக்காகக் காத்திராது. ஆகையால் ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், மாலையில் ஒன்றரை மணி நேரம், இந்தப் படிப்பகத்திலேயே. பொறியியல் படிக்கும் தம்பி ஒருவரும் செவிலியர் பயிற்சியில் இருக்கும் தங்கை ஒருவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இருவரும் விடுமுறை நாட்களில்தான் ஊருக்கு வருவார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. தமிழும் சமூக அறிவியலும் நான் வாசித்துவிடுவேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் வேண்டும். பட்டியல் செயலாளர் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.